திறந்த வாயிலும் தீராத சாட்டுகளும்

தொலைவிலுள்ள கணனியில் இயங்கும் டொக்கர் என்னும் கொள்கலன் சேவையை அணுகுவதற்கு, அதன் 2375 ஆம் இலக்க வாயிலை எவ்விதக் காவலுமின்றித் திறந்துவிடுவோர் உளர். ‘இது பரீட்சார்த்தக் கணனிதானே’, ‘இது உள்வலையமைப்புத்தானே’, ‘பாதுகாப்பான வழி சிக்கலானது’ என மூன்று சாட்டுகளை அவர்கள் முன்வைப்பர். ஆராய்ந்து நோக்கின் இவற்றுள் ஒன்றேனும் நிலைபெறாது.

2013 இல் வெளியான டொக்கர், மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே கொள்கலனுள் அடக்கி இயக்குவது. அதன் சேவை நிரல் பொதுவாகக் கணனியின் முதன்மை நிருவாகிக்குரிய முழு அதிகாரத்துடன் இயங்குகின்றது. அதற்குக் கட்டளையிட வல்லவர், கணனியின் கோப்புகள் அனைத்தையும் புதிய கொள்கலனொன்றுடன் இணைத்து, விரும்பியவாறு படிக்கவும் மாற்றவும் முடியும். எனவே, வாயிலைத் திறப்பவர் கொள்கலனை மட்டுமன்றிக் கணனியையே கையளிக்கின்றார். லினக்ஸ் கணனியில் டொக்கர் நிறுவப்படும்போது இவ்வாயில் மூடியே இருக்கும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆபத்து தானாக வருவதன்று, வருவித்துக் கொள்ளப்படுவது.

முதலாவது சாட்டுக்கு 2019 ஆம் ஆண்டே விடையளித்துவிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆய்வாளர் வெளிப்படுத்திய ‘கிராபொயிட்’ என்னும் புழுநிரல், காவலற்ற டொக்கர் கணனிகளில் 2,000க்கு மேற்பட்டவற்றைப் பற்றி, மொனேரோ என்னும் மறைநாணயத்தை ஈட்டப் பயன்படுத்தியது. அது தேடியது தரவையன்று, கணிக்கும் வலுவையே. பரீட்சார்த்தக் கணனிக்கும் அவ்வலு உண்டன்றோ?

இரண்டாவது சாட்டுக்குப் பல்கலைக்கழகமொன்றே சான்று. 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒற்றுக்கேட்கப்பட்டன. அதன் விளைவாகவே அங்கிருந்த தாத்து யூலோனென் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான தொடர்பு முறையை உருவாக்கினார். ‘நம்மவர் வலையமைப்பு’ என்ற நம்பிக்கை காவலாகாது என்பதிலிருந்தே அம்முறை பிறந்தது.

மூன்றாவது சாட்டோ வெறும் சோம்பலின் மறுபெயர். 2018 இல் வந்த 18.09 ஆம் பதிப்பு முதல், டொக்கர் கட்டளைகளை எஸ்.எஸ்.எச். வழியாகவே அனுப்பலாம். டொக்கருக்கெனத் தனி வாயில் திறக்க வேண்டியதில்லை. தொலைக்கணனியில் உரிய அனுமதியுள்ள கணக்கும் அதற்குரிய திறவுகோலும் போதும். ரி.எல்.எஸ். முறையில் 2376 ஆம் வாயிலைப் பயன்படுத்துவோர், இருபக்கமும் சான்றிதழ் சரிபார்க்கப்படுவதை உறுதிசெய்தல் வேண்டும். அணுகுவோரைச் சரிபாராத மறைகுறியீடு உரையாடலை மறைக்குமேயன்றி, அந்நியனைத் தடுக்காது.

எஸ்.எஸ்.எச். மட்டும் சகல நோய்க்கும் மருந்தன்று. டொக்கர் குழுவிற் சேர்க்கப்படும் ஒவ்வொருவரும் நடைமுறையில் முதன்மை நிருவாகியே. ஆகவே, எவரெவரைச் சேர்ப்பது, எப்போது நீக்குவது என்ற பொறுப்பு எஞ்சியே நிற்கின்றது. ஆயினும் திறவுகோலை எவரிடம் கொடுப்பது என்று சிந்திப்பதற்குக் கதவொன்று இருத்தல் வேண்டும். கதவையே கழற்றிவைத்தவர் வசதியைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது.