மாணவர் கையில் சொந்த அச்சகம்

வியாசர்பாடி, காசிமேடு, எர்ணாவூர், எண்ணூர் என்று இணையத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள். முதலில் வருவது வெட்டுக்குத்துச் செய்தி. அடுத்தது கஞ்சா பறிமுதல். அதற்கும் கீழே, சினிமாவில் வந்த வடசென்னையின் காட்சிகள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரியகுப்பத்துப் பெண்கள் தங்கள் வாயால் சொன்னது அங்கே கிடைப்பது அரிது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து மகளைப் பட்டதாரியாக்கிய தகப்பனின் கதையும் அப்படித்தான். இதையெல்லாம் எழுதத் தெரிந்தவர்கள் நம் பகுதியில் இல்லையா? தெருவுக்குத் தெரு முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். எழுதியதை நிலையாக வெளியிட ஓர் இடமும், அதற்கான பயிற்சியும்தான் அவர்களுக்கு இல்லை.

அந்தப் பயிற்சியைக் கல்லூரி வளாகத்திலேயே கொடுக்க முடியும். திறமூல மென்பொருளைக் கொண்டு இணையதளம் அமைத்து வெளியிடும் பயிற்சி இன்று உலகின் பல கல்லூரிகளில் நடக்கிறது. அது வடசென்னையின் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும், நம் விடுதி மாணவர்களுக்கும் வந்து சேர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இது கணினித் துறை மட்டும் பேச வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் மக்களுக்கு இது நூற்றைம்பது ஆண்டுப் பழைய கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது 'கேசரி' ஏடு. பிறர் நடத்தும் ஏட்டில் இடம் கேட்டு நிற்பதைவிட, எவ்வளவு சிறியதானாலும் சொந்த ஏடு வேண்டும் என்று இவர்கள் மூவரும் முடிவெடுத்தார்கள்.

அந்த ஏடுகளுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. தலித் இதழ்களின் வரலாறு 1869இல் வந்த 'சூரியோதயம்' இதழிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அக்கால இதழ்கள் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று கைக்குக் கிடைக்கவில்லை. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற தொகுப்பாக வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். பழைய இதழ்களைச் சிலர் பாதுகாத்து வைத்திருந்ததால் அவ்வளவாவது மீண்டது. எழுதுவதும் அச்சிடுவதும் ஒரு பாதி வேலை என்றால், எழுதியது அழியாமல் நம் கையிலேயே இருப்பது மறு பாதி.

இன்றைய மாணவர்களுக்கு இது பழங்கதை இல்லை. திருவொற்றியூர் அருகே இளைஞர்கள் நடத்தும் ஒரு மாலைப் படிப்பகத்தை நாம் அறிவோம். ஆறு ஆண்டுகளாகத் தங்கள் நிகழ்ச்சிகள், அம்பேத்கர் பிறந்தநாள் பேச்சுகள், வெள்ளத்தின்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் போட்டு வந்தார்கள். சாதிக் கொடுமை ஒன்றைப் பற்றி எழுதிய வாரத்தில், பலர் சேர்ந்து கொடுத்த புகாரால் அந்தப் பக்கம் முடங்கியது. மேல்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. படங்களின் நகலை யாரும் தனியாக எடுத்து வைத்திருக்கவில்லை. வாடகை வீட்டில் இருப்பவனுக்கு நேரும் கதிதான் அது. வீட்டுக்காரர் பூட்டிவிட்டால் பாத்திரம் பண்டமும் உள்ளேயே போய்விடும்.

திறமூல மென்பொருள் என்பது இந்த நிலைக்கு ஒரு மாற்று. அந்த மென்பொருளின் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் இறக்கிக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது. இணைய வெளியீட்டுக்கான இத்தகைய மென்பொருள்களில் பெரியது 'வேர்ட்பிரஸ்'. அமெரிக்காவில் அப்போது 19 வயது மாணவராக இருந்த ஒருவரும், இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவரும் சேர்ந்து 2003இல் தொடங்கியது அது. இன்று உலக இணையதளங்களில் பத்துக்கு நான்குக்கும் மேற்பட்டவை அதில்தான் இயங்குகின்றன. அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தளம் நடத்த இடம் கொடுக்கும் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால், எழுதிய அனைத்தையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் இறக்கிவிடலாம். படிப்பக இளைஞர்களுக்கு இது தெரிந்திருந்தால் ஆறு ஆண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும்.

இதைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகும் 'வேர்ட்பிரஸ் கேம்பஸ் கனெக்ட்' என்ற திட்டம் நம் நாட்டிலேயே பிறந்தது. 2024இல் ராஜஸ்தானின் அஜ்மீர் நகரக் கல்லூரிகளில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்திக் காட்டியது, பிறகு உலக அளவிலான திட்டமாக வளர்ந்தது. கல்லூரிக்கே பயிற்சியாளர்கள் வருகிறார்கள். மாணவர் தம் கையாலேயே ஒரு தளத்தை அமைத்துப் பார்க்கிறார். 2025இல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தோடு தொடங்கிய இன்னொரு திட்டத்தில், திறமூலப் பணியில் மாணவர் செய்யும் பங்களிப்பு படிப்பின் ஒரு பகுதியாகவே ஏற்கப்படுகிறது. மொழிபெயர்ப்பதும், ஆவணம் எழுதுவதும்கூட அங்கே பங்களிப்புதான். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவிக்கும் அதில் இடம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இப்படிப்பட்ட வாய்ப்புகள் நம் ஊருக்கு வரும்போது முதலில் எங்கே இறங்குகின்றன? பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய தனியார் பொறியியல் கல்லூரிகளில். வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, திருவொற்றியூர் அரசுக் கலைக் கல்லூரி ஆகியவற்றின் வாசலுக்கு அவை தாமாக வருவதில்லை. பி.ஏ. தமிழ், வரலாறு, பொருளியல் படிப்பவர்களுக்குக் கணினி எதற்கு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மீன் கூடை தூக்குபவரின் மகனும், கப்பல் பட்டறைக் கூலியின் மகளும் படிப்பது இந்தத் துறைகளில்தான். எழுதுவதற்கு அதிகம் வைத்திருப்பவர்களும் அவர்கள்தான்.

முடியுமா என்று கேட்பவர்கள் விழுப்புரத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள குனு லினக்ஸ் பயனர் குழு, பெரிய நிறுவனம் எதன் பின்புலமும் இல்லாமல், கிராமத்திலிருந்து வரும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுத் தருகிறது. நேற்று கற்றவர் இன்று கற்றுத் தருகிறார் என்பதே அதன் முறை. பெங்களூருவின் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் அம்பேத்கர் பெயரிலேயே சமுதாயக் கணினி மையம் நடத்தினர். பயன்படுத்திய பழைய கணினிகளில் அங்குள்ள பிள்ளைகள் ஓவியம் வரையக் கற்றார்கள். தமிழில் படிக்க நூல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. 2012 முதல் 'கணியம்' இணைய இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. அதன் நூல்களை எவரும் இறக்கிப் படிக்கலாம், பகிரலாம்.

எழுத என்ன இருக்கிறது என்று மாணவர் கேட்டால், எண்ணூரைக் காட்டுவோம். 1996ஆம் ஆண்டின் கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகத்தின் ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு பின்னர் வந்த வரைபடத்தில் காணவில்லை என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களைக் காட்டி 2017இல் மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் குற்றம் சாட்டினார்கள். ஆவணம் பொதுவில் வைக்கப்பட்டதால்தான் அது ஊரறிந்த கேள்வியாயிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு கையால் அள்ளினார்கள். குப்பங்களின் இழப்பாவது நாளேடுகளில் வந்தது. கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் தலித், இருளர் குடும்பங்களின் இழப்பு பெரும்பாலும் கடைசி வரியோடு நின்றுபோனது. எந்தத் தேதியில் எந்தத் துறையில் எத்தனை கிலோ இறால் கிடைத்தது, எண்ணெய்க்குப் பின் எத்தனை என்று அந்த வீட்டுப் பிள்ளையே மாதாமாதம் பதிந்து வந்தால், அடுத்த முறை நிவாரணம் கேட்கும்போது கையில் கணக்கு இருக்கும்.

பயிற்சியை எப்படித் தொடங்குவது? இணைய வசதியுள்ள கணினி ஒன்று போதும். 'வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட்' என்பதை உலாவியில் திறந்தால், எதையும் நிறுவாமலேயே ஒரு தளத்தைக் கட்டிப் பழகலாம். முதல் நாள் ஒருங்குறியில் தமிழ் தட்டச்சு. பழைய எழுத்துருவில் அடித்துப் படமாகப் போட்ட கட்டுரையைத் தேடுபொறி எளிதில் கண்டுபிடிக்காது என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாள் ஒரு பக்கம் எழுதி, படம் சேர்த்து, பிழை திருத்தி வெளியிடுவது. மூன்றாம் நாள் அதன் நகலைத் தரவிறக்கி வேறு கணினியில் ஏற்றுவது. இந்த மூன்றாம் நாளைத் தவிர்க்கவே கூடாது.

மென்பொருள் இலவசம் என்றால் எல்லாமே இலவசம் என்று மாணவரை ஏமாற்றவும் கூடாது. தளத்தின் பெயருக்கும், அதை வைத்திருக்கும் வழங்கி இடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் தளம் மறைந்துவிடும். ஆகவே ஆளுக்கொரு தளம் தொடங்கி ஆறு மாதத்தில் கைவிடுவதைவிட, கல்லூரி ஒன்றுக்கு ஒரு தளம், அதைத் துறையும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து காப்பது நல்லது. பாதுகாப்பும் முக்கியம். சாதி பற்றி எழுதும் பெண்ணுக்கு என்ன வகை வசவுகள் வரும் என்று நமக்குத் தெரியும். வீட்டு முகவரி, கைப்பேசி எண், வகுப்பு நேரம் எதையும் தளத்தில் போடக்கூடாது. புனைபெயரில் எழுதுவது கோழைத்தனம் ஆகாது. வசவு வந்தால் அழிக்கும் முன் அதைப் படமெடுத்து வைக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்க அதுதான் சான்று. பாதிக்கப்பட்டவரின் பெயரையும் படத்தையும் அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்பதும் பாடத்தின் பகுதியாக வேண்டும்.

இதற்கெனப் புதிய துறையோ பெரிய அறிவிப்போ தேவையில்லை. இருப்பவற்றை இணைத்தால் போதும். பல கல்லூரிகளில் கணினித் தமிழ் ஒரு தாளாக உள்ளது; அதன் செய்முறைத் தேர்வை ஒரு தளப் பக்கம் வெளியிடுவதாக மாற்றலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் மரம் நடுவதோடு, முகாம் நடக்கும் ஊரின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டுப் பதியலாம். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கலைக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ்வழிப் பயிற்சியாக இதைச் சேர்க்கலாம். 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியுள்ள நம் விடுதிகளில், பெயர்ப் பலகையோடு சேர்ந்து வேலை செய்யும் கணினிகளும் இணைய இணைப்பும் வர வேண்டும். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென 2024இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது தமிழக அரசு. அந்த நிதியில் இதற்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கினால் போதும். தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளில் தையலும் ஓட்டுநர் பயிற்சியும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். கடைக்கும் பள்ளிக்கும் தளம் அமைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கவும் இந்தத் திறன் உதவும்.

கல்லூரி முதல்வர்களிடம் நாம் கேட்பது, பருவத்துக்கு மூன்று நாள், கணினி ஆய்வகத்தின் சாவி, பொறுப்புக்கு ஓர் ஆசிரியர். பயிற்சி தரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அழைப்புதான் போக வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து ரயிலேறி வந்து படிக்கும் மாணவர்களும் தங்கள் முதல்வரிடம் இதை எழுத்து மூலமாகக் கேட்கட்டும்.

கல்லூரி அனுமதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, இந்தக் குடியிருப்பு எப்படி வந்தது, முதல் தண்ணீர்க் குழாய் எந்த ஆண்டு வந்தது, யார் போராடி வந்தது என்று கேளுங்கள். அவர் சொன்னபடியே எழுதி, தேதியிட்டு, அவருக்கே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். ஒரு நகலை உங்களிடமும் இன்னொன்றை நம்பகமான ஒருவரிடமும் வையுங்கள். தளம் அமையும் நாளில் அதன் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.