முன்னணி ஆட்டக்காரனும் நம் ஊர் மைதானமும்

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, வகுப்புகள் முடிந்தபின், நம் கல்லூரி மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், ஆடிக் களைத்த கோலத்தோடு அருகில் வந்து, "ஐயா, கால்பந்தை நம்பிப் பிழைக்க முடியுமா?" என்று வினவினார். "முதலில் பட்டம் பெறு, பிறகு பார்ப்போம்" என்று கூறி அவரை அனுப்பிவிட்டேன். அஃது ஆசிரியர் பலரும் வழக்கமாய்க் கூறும் மொழியே, எனினும் விடையன்று. வினாவைத் தட்டிக் கழிக்கும் உபாயம் அது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை உறுத்திக்கொண்டே வந்தது. காலம் தாழ்த்தியேனும் அதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கின்றேன்.

அம்மாணவர் முன்னணியில் ஆடுபவர். கோல் போடுவதே அவர் தொழில். ஆதலின் நம் தமிழ்நாட்டிலேயே தோன்றிய ஓர் இளம் முன்னணி ஆட்டக்காரரின் வரலாற்றைக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அணித்தாய் உள்ள கண்டனூர் என்னும் சிற்றூர்க்காரர் சிவசக்தி நாராயணன். 2001-ம் ஆண்டிற் பிறந்தவர். அவர் பயின்றது ராமன் விஜயன் என்பார் நடத்தும் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில். அந்த ராமன் விஜயன் யார்? தேசியக் கால்பந்து லீக்கில் 1997-98-ம் ஆண்டில் கொச்சிக் கழகத்தின் சார்பில் ஆடி, 10 கோல்கள் போட்டு, அவ்வாண்டு நாட்டிலேயே முதல்வராய் நின்ற தமிழர். தாம் கற்ற வித்தையைத் தம்மோடு முடிந்துபோக விடாமல் சிறுவர்க்குக் கற்பிக்க முன்வந்தார். அவருடைய மாணாக்கர் இருபது வயது நிரம்புமுன்பே பெங்களூர்க் கழகத்திற் சேர்ந்தார்.

வளரும் வீரர்க்கென்று கோவாவில் 2022-ம் ஆண்டு முதன்முறையாக ஒரு லீக் நடந்தது. அதில் வென்ற பெங்களூர் இளைஞர் அணியில் சிவசக்தியும் ஆடினார். அதே ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, கல்கத்தாவில் டூரண்ட் கோப்பைக்கான இறுதியாட்டம். 1888-ல் சிம்லாவில் தொடங்கிய பந்தயம் அது, ஆசியாவிலேயே பழமையானது. அவ்வாட்டத்தில் பெங்களூர் அணி மும்பையை 2-1 என்று வென்றது, முதற்கோல் சிவசக்தியினுடையது. அதைத் தொடர்ந்து வந்த இந்தியன் சூப்பர் லீக்கில் பெங்களூர் அணி முதலில் தோல்விமேல் தோல்வி கண்டு, பின்னர் இடைவிடாது எட்டு ஆட்டங்களில் வென்று எழுந்தது. ஆங்கிலேயராகிய பயிற்சியாளர் கிரேசன், நாடறிந்த சுனில் சேத்ரியையே வெளியே அமர்த்தி, இந்த இளைஞரைத் தொடக்கத்திலிருந்தே களத்தில் இறக்கினார். இவரும் அவ்வாண்டு லீக்கில் 6 கோல்கள் போட்டு, 'வளர்ந்துவரும் சிறந்த வீரர்' என்னும் பரிசைப் பெற்றார்.

ஆயினும் அதே லீக்கின் இறுதியாட்டம் நடந்த 2023 மார்ச் 18-ந் தேதி என் நினைவினின்றும் அகலுவதில்லை. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே சிவசக்தி அடிபட்டு வெளியேற, சேத்ரி அவரிடத்தில் இறங்கினார். ஆட்டம் 2-2 என்று சமனாகி, பெனல்டி உதைகளில் பெங்களூர் தோற்றது. ஓராண்டுக்கால உழைப்பின் உச்சத்தில் நின்ற இளைஞர், வியர்வை அரும்புமுன்பே வெளியேறி, எஞ்சியதையெல்லாம் பார்வையாளராய் இருந்து கண்டார். அடுத்த ஆண்டு அக்கழகமே 12 அணிகளுள் 10-வது இடத்திற்கு இறங்கிற்று. பத்திரிகைகளிலும் அவர் பெயர் முன்போல் முழங்கவில்லை. "ஓராண்டு மின்னல்" என்று நம்மவர் சிலர் அவரைப் பேசியதைக் கேட்டேன். இவ்வாறு பேசுவோரை நோக்கியே இக்கட்டுரையிற் பெரும்பகுதியை எழுதுகின்றேன்.

முன்னணி ஆட்டக்காரனுடைய தொழில் மற்றவர் தொழிலினின்றும் வேறுபட்டது. பின்னணியில் நிற்பவன் பத்து முறை பந்தைத் தடுத்து ஒருமுறை தவறினாலும் அந்த ஒன்றையே ஊர் பேசும். முன்னணியில் நிற்பவனோ பத்து முறை தவறி ஒருமுறை தப்பாது அடித்தால், அந்த ஒன்றுக்காகவே ஊர் அவனைத் தோளில் தூக்கும். ஆகவே தவறுதல் அவன் கல்வியில் ஓர் அங்கம். தவறுவதற்குப் போதிய ஆட்டங்கள் கிடையாத முன்னணி வீரன், நீரைக் காணாத நீச்சற்காரனை ஒப்பான். நம் காஞ்சியின் நெசவாளர்க்கு இதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோர்வைச் சேலையில் உடலின் நிறமும் கரையின் நிறமும் வேறு வேறு. ஒருபுறம் நெசவாளியும் மறுபுறம் துணையாளும் இருந்து நாடா ஓட்டி, இழையை இழையோடு பூட்டவேண்டும். முதலாண்டில் இழை அறுப்பவனைத் தறியைவிட்டு எழுப்பிவிட்டால் இவ்வூரில் ஒரு நெசவாளியும் மிஞ்சியிருக்கமாட்டான். வைது, முடிபோட்டுக் கொடுத்து, மறுபடியும் உட்காரவைக்கின்றார்கள். பந்தாட்டத்தில் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை இல்லாமற் போனது ஏன்?

பெரிய கழகங்களிடமும் அந்தப் பொறுமை அரிதே. இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியபொழுது களத்தில் ஓர் அணிக்கு ஆறு வெளிநாட்டார் வரை ஆடலாம் என்பது விதி. 2017-ல் அது ஐந்தாயிற்று, 2021-ல் நான்காயிற்று. வெளிநாட்டார் வருவதை நான் குறைகூறேன். அவர்களிடம் நம்மவர் கற்றது அதிகம். ஆனால் கழக முதலாளி தம் பணத்தை எவ்விடத்திற் செலவிடுகின்றார் என்று நோக்குங்கள். கோல் போடுபவனை விலைகொடுத்து வாங்குகின்றார். பந்தைத் தடுப்பவனை உள்ளூரிற் பொறுக்குகின்றார். இதன் பயனை 2024-25-ம் ஆண்டின் கணக்கில் காணலாம். அவ்வாண்டு அந்த லீக்கில் இந்தியருள் மிகுதியான கோல்கள் போட்டவர் சேத்ரி, 14. அப்பொழுது அவர் வயது 40! 2024 ஜூன் 6-ந் தேதி கல்கத்தாவில் நாட்டின் அணியிலிருந்து கண்ணீரோடு விடைபெற்றவரை, ஓராண்டுகூட முடியுமுன், 2025 மார்ச்சில் மீண்டும் அழைத்தனர். அவரும் வந்து மாலத்தீவுக்கு எதிராகத் தம் 95-வது கோலைப் போட்டார். அவரைப் போற்றாதார் யார்? ஆயினும் நாற்பது வயதினரை மீண்டும் அழைக்க நேர்ந்த வீட்டில், இருபது வயதினர்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதும் நம் கடமையன்றோ?

இனி ஒரு சிறு தேசத்தை நோக்குவோம். தரங்கம்பாடிக் கோட்டையைக் கண்டவர்க்கு டென்மார்க்கு அந்நியமன்று; 1620-ல் வந்து, 1845-ல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றவர்கள் அந்நாட்டார். அங்குள்ள மக்கள்தொகை ஏறக்குறைய 60 இலட்சம். தமிழ்நாட்டிலோ 2011-ம் ஆண்டுக் கணக்கின்படியே 7 கோடியே 21 இலட்சம். அச்சிறு தேசம், யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, 1992-ல் ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனியிடமிருந்து 2-0 என்று வென்று சென்றது.

அந்நாட்டு முன்னணி வீரர் ராஸ்முஸ் ஹோய்லுண்ட், சிவசக்திக்கு இரண்டாண்டு இளையவர், 2003-ற் பிறந்தவர். கோபன்ஹேகன் கழகத்தில் வளர்ந்து, பதினெட்டாம் வயதில் 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்திற்கும், அவ்வாண்டு ஆகஸ்டில் இத்தாலியின் அடலாண்டா கழகத்திற்கும், 2023 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் சென்றார். அங்கே என்ன நிகழ்ந்தது? ஐரோப்பியப் பந்தயத்தில் கோல்கள் விழுந்தன. இங்கிலாந்து லீக்கிலோ டிசம்பர் 26-ந் தேதிவரை ஒரு கோலும் விழவில்லை. பத்திரிகைகள் ஏசின. எனினும் அவரை வாரந்தோறும் களத்தில் இறக்கிக்கொண்டே இருந்தனர். பின்னர் 2025-ல் அவர் நேப்பிள்ஸ் சென்று அங்கும் ஆடினார். அவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்பதில் எனக்குக் கருத்தில்லை. நான் வியப்பது, அவர் தவறுவதற்கு அவருக்கு இடம் கிடைத்தது என்பதையே. சிறுவயது முதலே அந்நாட்டுப் பையன் வாரம் ஓர் ஆட்டம் ஆடுகின்றான். இன்று தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு என்று அறிந்து உறங்குகின்றான்.

நம் பையனோ? பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் நடத்துவன பெரும்பாலும் தோற்றவர் வெளியேறும் பந்தயங்களே. முதலாட்டத்தில் தோற்ற அணிக்கு அவ்வாண்டு ஆட்டம் முடிந்தது. மூன்று மாதம் விடியற்காலையில் ஓடிப் பயின்ற பதினைந்து பிள்ளைகள், ஒரு மணி நேரம் ஆடி, பஸ் ஏறி வீடு திரும்புகின்றனர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்றான். இடக்காலால் அவன் அடிக்கும் பந்து எங்கே செல்லுமென்று கோல் காப்பவனுக்குத் தெரியாது. சில வேளை அவனுக்கும் தெரியாது! மூன்றாண்டுகளில் அவன் வெளியூர் அணிகளோடு ஆடிய ஆட்டங்களை எண்ணிப் பார்த்தேன். ஐந்து. அவற்றுள் மூன்று, முதற்சுற்றிலேயே தோற்றவை. இப்பொழுது அவன் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதுகின்றான், கண்டால் வணங்குகின்றான், பந்தைப்பற்றிப் பேசுவதில்லை. அவனிடம் திறமை போதவில்லை என்று உங்களுள் யாரேனும் கூறக்கூடும். இருக்கலாம். ஐந்து ஆட்டங்களைக்கொண்டு அதை யார் தீர்ப்பது?

இத்தொழிலின் நிலையின்மையையும் மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ராமன் விஜயன் கோல் மழை பொழிந்த கொச்சிக் கழகம் 1997-ல் தோன்றி, ஐந்தே ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. பெரியதாய்ப் பேசப்பட்ட சூப்பர் லீக்கின் கதை என்ன? 2010-ல் பதினைந்து ஆண்டுகளுக்கென்று எழுதப்பட்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிய இருந்தபடியால், அவ்வாண்டு ஜூலையில் வரவிருந்த லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. சிவசக்தி வளர்ந்த பெங்களூர்க் கழகம் ஆகஸ்டில், தன் முதல் அணியின் ஆட்டக்காரர்க்கும் பணியாளர்க்கும் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வழக்கமான மாதத்தில் லீக் தொடங்கவில்லை. கால் நன்றாயிருந்தும், பந்து காற்றோடிருந்தும், ஆட இடமின்றிப் பல நூறு இளைஞர் காத்திருந்தனர். ஒரு முன்னணி வீரனுக்கு நல்ல வயது என்பது பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகள். அவற்றுள் ஒன்றை ஒரு கடுதாசி தின்றுவிட்டது.

ஆகவே அம்மாணவருக்கு என் விடை இதுதான்: முடியும், மிகச் சிலர்க்கே முடியும், அச்சிலருக்கும் உறுதியில்லை. பட்டத்தை விடாதே என்பதை இன்றும் சொல்வேன். ஆனால் பட்டத்தைக் காட்டிப் பந்தை மறைக்கமாட்டேன். வெளியூர்ப் பந்தயத்திற்குச் சென்று திரும்பும் மாணவனுக்கு வருகைப் பதிவில் விலக்கு அளிப்பதை ஏதோ தர்மம் செய்வதுபோல் கருதும் ஆசிரியர் நம்முள்ளும் இருக்கின்றோம். என்னையும் சேர்த்தே சொல்லுகின்றேன். அவ்வழக்கம் ஒழியட்டும். தவறிய பாடத்தை மாலையில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுப்பதால் நம் மாண்பு குறைந்துவிடாது.

இதனினும் பெரிய காரியம் ஒன்று உண்டு. அதற்கு அரசாங்கமும் முதலாளிகளும் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. காஞ்சி, செங்கற்பட்டு, வாலாஜா, வேலூர் ஆகிய ஊர்களின் கல்லூரிகளிலிருந்து எட்டு அணிகள் ஒன்றுகூடி, ஒவ்வொன்றும் மற்ற ஏழு அணிகளோடும் ஒருமுறை ஆடுவதாக ஒரு சிறு லீக்கை நடத்தலாம். மொத்தம் 28 ஆட்டங்கள். ஜூலை முதல் சனிக்கிழமை தோறும் ஆடினால், தேர்வுக்காலம் நெருங்குமுன் முடிந்துவிடும். தோற்றவனும் அடுத்த சனிக்கிழமை ஆடுவான். என் பழைய மாணவனுக்கு மூன்றாண்டில் வாய்த்த ஐந்திற்குப் பதிலாக, இருபத்தோர் ஆட்டங்கள் வாய்த்திருக்கும். தேவைப்படுவன பந்துகள், நடுவர்க்கான ஊதியம், பஸ் கட்டணம், ஆட்டம் முடிந்தபின் பிள்ளைகளுக்கு இட்டிலி. ஆண்டுவிழாப் பந்தலுக்கு நாம் செலவிடுவதைவிட இது மிகுதியாகுமென்று நான் நினைக்கவில்லை.

பழைய மாணவர் சங்கத்தார் சென்ற கூட்டத்தில், கல்லூரிக்கு என்ன நன்கொடை அளிக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். நுழைவாயில் வளைவு ஒன்று கட்டலாம் என்ற யோசனையும் எழுந்தது. வளைவு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். தேகப்பயிற்சி ஆசிரியர் இவ்விஷயத்தில் என்னோடு உடன்படுகின்றார். மற்றக் கல்லூரிகளுக்கு எழுதவேண்டிய கடிதத்தின் நகல் அவர் மேசையில் இருக்கின்றது. கல்லூரி திறந்தபின் வரும் முதற் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மைதானத்து வேப்பமரத்தடியிற் கூடுவதாக எண்ணம். வினவிய மாணவரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.