முப்பது நிமிடத்துக்கு இத்தனை சண்டையா?

பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு விடுவதா, இரண்டுக்கு விடுவதா என்று நாடு சண்டை பிடித்துக் களைத்துவிட்டது. ஐம்பது நிமிடப் பாடவேளை என்றது அரசு. ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. டித்வா புயல் வந்து, நேர நீடிப்பைத் தள்ளிப்போட அரசுக்கு ஒரு சாட்டைக் கொடுத்தது. பிறகு தரம் 6 ஆங்கில மொடியூலில் அச்சாகியிருந்த தகாத ஓர் இணையதள முகவரி பூதமாகக் கிளம்பி, அந்த வகுப்பின் சீர்திருத்தத்தையே 2027க்குத் தள்ளிவிட்டது. இத்தனை அமளியிலும் ஒருவரும் கேட்கவில்லை: எத்தனை மணிக்கு விட்டால் என்ன, அன்று படித்ததை மனதில் நிறுத்துவது எப்படி என்று பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

திருகோணமலையில் யாருமில்லை. சொல்லிக்கொடுத்தாலும் செய்து பார்க்கப் பிள்ளைக்கு நேரமில்லை. உவர்மலையிலும் பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் மூன்று மணிக்கே பிள்ளைகள் அடுத்த கொப்பியோடு ரியூசனுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். காலையில் ஒருவர் சொன்னதை மாலையில் இன்னொருவர் சொல்கிறார். இரவு அதையே கொப்பியில் திரும்பத் திரும்ப வாசிப்பதற்குப் பெயர் படிப்பு.

இந்தத் ‘திரும்ப வாசிப்பு’ எவ்வளவு வீண் வேலை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேட்கிறவர்கள் சலித்துப்போகும் அளவுக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறையும் சொல்வேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு சிறு உரைநடைப் பகுதியை இரண்டு தரம் வாசித்தார்கள். இன்னொரு பகுதியை ஒரே ஒரு தரம் வாசித்து, மூடி வைத்துவிட்டு, ஞாபகத்தில் நின்றதை வெற்றுத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தரம் வாசித்த பகுதிக்கே வெற்றி: 81 சதவீதம், எழுதிப் பார்த்ததற்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நின்றது. திரும்ப வாசித்ததில் 42தான்.

நம் ஊர் ரியூசன் வாசலில் நடப்பது இந்த ஐந்து நிமிடச் சோதனைதான். வெளியே வரும் பிள்ளையிடம் “விளங்கிச்சா?” என்று தாய் கேட்கிறாள். “ஓம்” என்கிறது பிள்ளை. அது பொய்யுமில்லை, அந்த நேரத்துக்கு 81 இருக்கிறது. ஆனால் தவணைப் பரீட்சையை யாரும் ஐந்து நிமிடத்தில் வைப்பதில்லை. தவணை முடிவில் மதிப்பெண் இறங்கினால் வீடு எடுக்கும் முடிவு என்ன? இன்னொரு ரியூசன்.

இதற்கு அமெரிக்காவரை போயிருக்கவே வேண்டியதில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஹிப்ழு மத்ரஸாக்களைப் பாருங்கள். குர்ஆனின் முப்பது ஜுஸ்உக்களை மனதில் ஏற்ற வேண்டிய பிள்ளை அன்றைய புதுப் பாடத்தை மட்டும் ஒப்புவிப்பதில்லை. முந்திய நாட்களின் பாடமும் ஒப்புவிக்க வேண்டும். எப்போதோ முடித்த பழைய பகுதியும் முறை வைத்து வரும். குர்ஆனை மூடிவிட்டுத்தான் ஓத வேண்டும். உஸ்தாத் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார், பிழைத்தால் திருத்துவார். 1885இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து, கற்றது முதல் நாளிலேயே பெருமளவு கரைந்துவிடுகிறது, இடைவெளி விட்டு மீட்டினால் நிற்கிறது என்று எழுதி வைத்தார். அதற்கு முன்பே அதைத் தெரிந்து வைத்திருந்த மரபு இது. அர்த்தம் விளங்காத மனனம் என்று மூக்கைச் சுழிப்பவர்கள், நம் பிள்ளைகள் விஞ்ஞானக் கொப்பியை அர்த்தம் விளங்கித்தான் பாடமாக்குகிறார்களா என்று முதலில் சொல்லட்டும்.

ரியூசன்காரர்களின் வாதம் தெரிந்ததுதான்: பாடசாலையில் படிப்பித்தால் எங்களிடம் ஏன் வருகிறார்கள்? இதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. 2024 புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே வந்து, உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்க வேண்டி வந்தது. பத்து வயதுப் பிள்ளையின் பரீட்சை நீதிமன்றம்வரை போகிற நாட்டில், ஊகக் கேள்வி விற்பவர்கள் கல்வியைப் பற்றி உபதேசிக்க வேண்டாம். ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு கேள்வி. பிற்பகல் இரண்டு மணிவரை நிற்க முடியாதவர்களில் எத்தனை பேர் மூன்று மணிக்கு ரியூசன் கொட்டிலில் நிற்கிறார்கள்?

இந்த ஓட்டத்தில் பின்தங்குவது யார் என்பதும் தெரிந்ததே. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியும்வரை மிதவைப் படகில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் 2021 நவம்பர் 23ஆம் திகதி தண்ணீரில் விழுந்தார்கள். சிலர் வீடு திரும்பவில்லை. பாடசாலைக்குப் போகவே இந்தப் பாடு என்றால், வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் இருக்கும் பிள்ளை நகரத்து ரியூசனுக்கு எப்படி வரும்? வெற்றுத் தாளுக்கு ஆறு கடக்க வேண்டியதில்லை, மாதக் கட்டணமும் இல்லை. வீட்டில் இடமில்லை, தகப்பன் கடலுக்குப் போய்விடுகிறார், தாய் மத்திய கிழக்கில் என்பார்கள். வெற்றுத் தாளில் எழுத ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

யாழ்ப்பாணத்தில் 2023இல் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளி மாலையும் ஞாயிறும் ரியூசன் கூடாது என்று தீர்மானித்தார்கள். அது அரைகுறை. கிழக்கில் தரம் 9 வரை வாரநாள் ரியூசனை முற்றாக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாளும் கடைசிப் பாடவேளையில் புதுப் பாடம் கூடாது. கொப்பியை மூடி, அன்று படித்ததையும் போன கிழமை படித்ததையும் பிள்ளைகள் எழுதிப் பார்க்கட்டும். இரண்டையும் செய்தால் ஐந்து வருடத்தில் சாதாரண தரப் பெறுபேற்றில் மூதூர் வலயம் கொழும்போடு போட்டி போடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாகாணக் கல்வித் திணைக்களமும் ஆளுநர் செயலகமும் இதே திருகோணமலையில்தான் இருக்கின்றன. அடுத்த தவணை தொடங்குமுன் சுற்றறிக்கை வரட்டும். அதற்குக் கொழும்பின் அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை.