தார்ச்சாலை முடியும் இடத்தில் தராசு வேண்டும்

மலைநாட்டு விவசாயியின் வருமானத்தைப் பற்றி ஆராய்வோர் விளைச்சலைப் பேசுவர். சந்தை விலையைப் பேசுவர். வயலுக்கும் தார்ச்சாலைக்கும் இடையே கிடக்கும் ஒன்றிரண்டு மைல் பாதையைப் பேசுவோர் மிகச் சிலரே. ஜீப்பில் செல்வோருக்கு அப்பாதை தெரிவதில்லை. தார் முடிந்த இடத்தில் ஜீப் நின்றுவிடுகிறது. நடந்து சென்றால் தெரியும். ஆனால் ஒரு நாளில் ஓர் ஊரைக் காண்பதே அரிது. சைக்கிளில் சென்றால் நாலைந்து ஊர்களையும் அவற்றின் பாதைகளையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். கூட்டுறவு ஊழியன் என்ற முறையில் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அவ்வாறு பலமுறை சென்றதனால் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை அங்கத்தினர்களின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சோளக்காடு. கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த அந்த மேட்டுநிலம் சமவெளி போன்றதன்று. மேடும் பள்ளமுமாகவே செல்வது. பள்ளத்தில் நெல், சரிவில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும், தோட்டங்களில் மிளகு, காப்பி, வாழை, அன்னாசி. செம்மேட்டிற்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் தார்ச்சாலை உண்டு. அதிலிருந்து கிளையில் திரும்பினால் ஊர்த் தெருவில் சிமெண்டுத் தளம், ஊரைத் தாண்டியதும் சரளை, பிறகு செம்மண், அதற்கப்பால் வெறும் பாறை.

தாரில் காற்று நிறைந்த டயர் நன்றாக ஓடும். சரளையிலும் செம்மண்ணிலும் காற்றைச் சிறிது குறைத்தால்தான் சக்கரம் பிடிப்புடன் செல்லும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்துகிறவன் விழுவான். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சக்கரம் சறுக்கும் இடமெல்லாம் மூட்டை சுமப்பவரின் காலும் சறுக்கும் இடமே. அவ்விடங்களைக் குறித்துக்கொண்டு வந்தால், விவசாயியின் வருமானம் எங்கே சிந்துகிறது என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். ஜவ்வரிசி ஆலைகள் மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்தே விலை கொடுக்கின்றன. தலைச்சுமையாகவும் சைக்கிள் கேரியரிலும் சாலைக்கு வந்து சேர்ந்த கிழங்கை மறுபடி வீட்டிற்குச் சுமந்து செல்ல எவராலும் இயலாது. இது வியாபாரிக்கு நன்கு தெரியும். ஆகவே அவர் சொல்லும் எடையே எடை, அவர் சொல்லும் விலையே விலை. அன்னாசியின் நிலையும் இதுவே. சாமை மட்டும் உமியோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கூடியது. அதன் சொந்தக்காரருக்குப் பேரம் பேச அவகாசம் உண்டு. ஆனால் சாலையும் சந்தையும் மேலே வந்தபின் சாமை விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி மரவள்ளிக்குச் சென்றுவிட்டது. காத்திருக்கக் கூடிய பயிர் போய், காத்திருக்க முடியாத பயிர் வந்திருக்கிறது.

எல்லாப் பாதைகளுக்கும் தார் போட்டுவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று சிலர் கூறுவர். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்கும் பள்ளிக் குழந்தைக்கும் சாலை அவசியம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் குடியிருப்புகளை இணைப்பதையே நோக்கமாகக் கொண்டது. வயல்கள் அதன் கணக்கில் இல்லை. அன்றியும், சாலை வந்தால் அதில் முதலில் ஏறி வருவது வியாபாரியின் லாரியே. சங்கத்தின் தராசு அங்கே இல்லாவிடில், புதுச் சாலை பழைய விலையையே விரைவாகக் கொண்டு வந்து சேர்க்கும்.

இதற்கு வழிகாட்டப் புதிய தத்துவம் தேவையில்லை. கடன், இடுபொருள், விற்பனை, நுகர்பொருள் யாவும் ஒரே கூரையின்கீழ் மலைவாழ் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று பாவா குழு பரிந்துரைத்தது. அதன் விளைவாகவே பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அந்தக் கூரை தார்ச்சாலையின் ஓரத்தில் மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதனை அயலார் செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். நெய்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பாவுக்கு நூலின்றி நின்ற நெசவாளியும், கிழங்கோடு சாலையோரம் நிற்கும் இவ்விவசாயியும் ஒரே நிலையினரே. நூலைக் கொடுத்துச் சேலையை வாங்கும் சங்கம் தறி இருக்கும் தெருவிற்கே வந்தபோதுதான் நெசவாளிக்குப் பேசும் வாய் கிடைத்தது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கிளைப்பாதை சாலையைத் தொடும் இடங்களில், அறுவடைக் காலத்திலேனும், சங்கம் ஒரு கொட்டகையும் முத்திரையிட்ட தராசும் வைத்து, அன்றைய ஆலை விலையைப் பலகையில் எழுதி, கிழங்கை ஒன்றாகச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்ப வேண்டும். இரண்டாவது, பாதை முழுவதற்கும் தார் வரும்வரை காத்திராமல், செங்குத்தான இடங்களில் கல் பாவி, ஓரத்தில் வடிகால் வெட்ட வேண்டும். மண்பாதையைக் கெடுப்பதில் சக்கரத்தைவிட மழைநீருக்கே பங்கு அதிகம். மூன்றாவது, நிர்வாகக் குழுவினரும் செயலாளரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் சங்க எல்லைப் பாதைகளைச் சைக்கிளிலோ நடந்தோ கடந்து, கடைசி ஊரில் கூட்டம் நடத்த வேண்டும்.

இம்மூன்றில் முதலாவதற்கு அரசினரின் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு மூங்கில், ஒரு கூரை, ஒரு தராசு, நேர்மையான ஓர் எழுத்தர் ஆகியவை போதும். வரும் மரவள்ளி அறுவடைக்கு முன் நடைபெறும் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.