டிஸ்சார்ஜ் ஆன பிறகு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நெஞ்சு வலி என்று ஒரு நோய் கிடையாது. வாயுதான் உண்டு. மொச்சைக் குழம்பு சாப்பிட்டால் வாயு, வெறும் வயிற்றில் டீ குடித்தால் வாயு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தால் வாயு. அது முதுகில் பிடிக்கும், விலாவில் குத்தும், நெஞ்சுக்கு ஏறும். ஒரு சோடா குடித்து இரண்டு ஏப்பம் விட்டால் இறங்கிவிடும். இறங்காமல் ஆளே போய்விட்டாலும், துட்டி கேட்க வருகிறவர்களிடம் "வாயு அடைச்சிருச்சு" என்றுதான் சொல்வார்கள்.

சில மாதங்களுக்கு முன் அந்த வாயு எனக்கும் வந்தது. பாலவனத்தத்தில், காலைப் பலகாரம் முடித்துப் பேப்பரைக் கையில் எடுத்த நேரம். நெஞ்சின் நடுவில் ஓர் அமுக்கம். அது இடது தோளுக்குப் போய்த் தாடைக்கு ஏறியது. எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "வாயுதான் சார், ஒரு சோடா குடிங்க, எறங்கிரும்" என்றார். என் மனைவி என் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "வாயுவுக்கு இப்பிடி வேர்க்குமா அண்ணாச்சி?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் 108-க்குப் போன் போட்டாள்.

அண்ணாச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். 1955 செப்டம்பரில், டென்வர் நகரத்தில், அமெரிக்க அதிபர் ஐசனோவர் கோல்ஃப் ஆடிவிட்டு வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டார். வயிறு சரியில்லை என்று அப்போதே சொன்னார். நள்ளிரவுக்குப் பிறகு நெஞ்சு வலி. விடிந்ததும் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி: அதிபருக்கு அஜீரணம். இ.சி.ஜி. எடுத்து மாரடைப்பு என்று உறுதி செய்வதற்குள் மதியமாகிவிட்டது. வெள்ளை மாளிகை மருத்துவரே பக்கத்தில் இருந்தும் வாயுவில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கே என் மனைவி இல்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன வழியைப் பற்றிச் சொல்ல எனக்கு நன்றியைத் தவிர வேறில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்தார்கள், கை நிறைய மாத்திரை கொடுத்து அப்போதே விழுங்கச் சொன்னார்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாத்திரைகள் அவை: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. முதல் இரண்டும் ரத்தம் மேலும் கட்டாமல் தடுக்கும். மூன்றாவது ரத்தக் குழாயின் கொழுப்புப் படிவு மேலும் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். துணை சுகாதார நிலையம் வரைக்கும் இந்த மாத்திரைகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். விருதுநகரில் 2022 ஜனவரியிலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் எங்களுக்கு 'மதுரைக்குக் கொண்டு போங்க' என்ற ஒரு வாக்கியம்தான் இருந்தது. என்னையும் கடைசியில் மதுரைக்குத்தான் கொண்டுபோனார்கள் என்பது வேறு விஷயம்.

ஆஞ்சியோ செய்த டாக்டர் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "பாலவனத்தமா? பாண்டித்துரைத் தேவர் ஊரா?" என்று கேட்டார். ஆமாம், 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்த ஜமீன்தாரின் ஊர்தான் என்று படுத்தபடியே விளக்கினேன். மணிக்கட்டு வழியாக இதயத்துக்குக் கம்பி போய்க்கொண்டிருக்கும்போது தமிழ்ச் சங்க வரலாறு பேசியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு குழாயில் முழு அடைப்பு. பலூனை விட்டு ஊதி, ஸ்டென்ட் வைத்து, கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கதையே. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை மாரடைப்பு வந்த 2,420 பேரைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். சிறிய ஊர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு கோத்து, நோயாளியை விரைவாக ஆஞ்சியோவுக்கு அனுப்பினால் என்ன பலன் என்று பார்ப்பதுதான் நோக்கம். பலன் இருந்தது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6 என்று இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. இந்தக் குறைவைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். என் கண்ணில் பட்டது இன்னொன்று. மருத்துவமனைக்குள்ளேயே இறந்தவர்கள், முன்பும் சரி பின்பும் சரி, நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. அந்த ஓராண்டில் இறந்த மற்றவர்கள் எல்லோரும் உயிர் பிழைத்து, பூ பழத்தோடு ஆரத்தி எடுத்து வரவேற்கப்பட்டு, வீட்டுக்கு வந்த பிறகு இறந்தவர்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது?

முதலில் ஆட்கள் வருகிறார்கள். "ஆஸ்பத்திரியில வந்து பாக்க முடியல" என்ற வருத்தத்தோடு, சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும், "எங்க சின்ன மச்சினனுக்கும் இதே மாதிரிதான் ஸ்டென்ட் வச்சாங்க, நல்லாத்தான் இருந்தாரு…" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள். முடிக்காததுதான் ராத்திரி நம் தலையணையில் வந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: நல்லா ரெஸ்ட் எடுங்க. குனியாதீங்க, வெயில்ல போகாதீங்க, மாடிப் படி ஏறாதீங்க, சத்தமாப் பேசாதீங்க. செம்பில் தண்ணீர் மொள்ளப் போனால் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள்.

இந்தப் படுக்கை வைத்தியம் மருத்துவர்களே ஒரு காலத்தில் செய்ததுதான். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை அசையாமல் கிடத்திவிடுவார்கள். 1952-இல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தபோது, அவர்களை எல்லோரும் கொலைகாரர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். உட்கார்ந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், அது நுரையீரலுக்குப் போய் அடைக்கும், தசை கரையும், மனசும் கரையும். ஐசனோவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட், அவரைப் படிப்படியாக நடக்க வைத்தார். மறு வருடம் அந்த மனிதர் தேர்தலில் நின்று மறுபடியும் அதிபரானார். பாலவனத்தத்தில் மாடி ஏறலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் நடக்கத்தான் செய்தேன். முதலில் தெரு முனை வரை, பிறகு கண்மாய்க் கரை வரை. கரிசல் காட்டில் நடைப்பயிற்சிக்கு நேரம் குறைவு. ஏழு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று பிடிக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் செருப்போடு பூமியும் கூடவே வரும். காற்று திரும்பினால் சீமைக் கருவேலக் கரி மூட்டத்துப் புகை வந்து தொண்டையைப் பிடிக்கும். அது தேறிவரும் இதயத்துக்கு ஆகாது, அன்றைக்கு வேறு பக்கம் போக வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி, பேச்சு திணறினால் வேகம் அதிகம். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரி தந்த தாள் இல்லை, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். அவருக்குப் பைபாஸ் ஆகிப் பல வருடமாகிறது.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று கேள்விப்படுகிறேன். முழுக்க ஆங்கிலம். உணவு என்ற தலைப்பின் கீழ் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சால்மன் மீன். விருதுநகர்க்காரர்களுக்கு இதயம் என்றால் முதலில் ஞாபகம் வருவது நல்லெண்ணெய் டின். எங்களிடம் வந்து ஆலிவ்! கம்பங்கூழ், கேப்பைக் களி, குதிரைவாலிச் சோறு பற்றி ஒரு வரி இல்லை. அதையெல்லாம் சாப்பிடலாமா கூடாதா என்று வீட்டுப் பெண்கள் யாரிடம் கேட்பார்கள்? கூழில் குற்றம் இல்லை. தொட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது. மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய், அப்பளம், உப்புக்கண்டம். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு மொத்தம் 5 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. எங்கள் மோர் மிளகாய் நாலைந்து கடித்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும் போலிருக்கிறது. கூழுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளப் பழகினேன். நாக்கு கொஞ்ச நாள் சண்டை போட்டது, பிறகு ஓய்ந்துவிட்டது.

உப்பை விடப் பெரிய ஆபத்து மாத்திரையை நிறுத்துவது. ஸ்டென்ட் என்பது நுண்ணிய கம்பி வலை. உடம்பு அதை வெளி ஆள் என்றுதான் பார்க்கும். அதன் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். குழாயின் உட்சுவர் வளர்ந்து வலையை மூடும் வரை, ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துத் தருகிறார்கள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைப்பு வரலாம், அது முதல் அடைப்பை விட மோசமானது. நம் ஆட்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? வலி போய்விட்டது. 'அடைப்பைத்தான் எடுத்தாச்சே.' பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. நாட்டு மருந்து தருகிறவர் இங்கிலீஷ் மாத்திரை சூடு என்கிறார். இவை எல்லாவற்றையும் விட எளிய காரணம், மாத்திரை தீர்ந்துபோன அன்றைக்கு டவுனுக்குப் போக ஆள் இல்லை. என் மதினி குலசாமி கோயிலில் மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினாள். கட்டிக்கொண்டேன். மாத்திரையோடு சண்டைக்கு வராத எந்தக் கயிற்றின் மேலும் எனக்கு வழக்கு இல்லை.

பயத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. விளக்கை அணைத்த பிறகு காதுக்குள் அடிக்கும் இதயத்தை எண்ணிக்கொண்டு கிடப்பது, ஏப்பம் வந்தாலும் நெஞ்சைப் பிடிப்பது, தூங்கிவிட்டோம் என்று நினைத்து மனைவி மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது, அதைத் தெரியாதது போலக் கிடப்பது. மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு உண்மையான மனச்சோர்வு வருகிறது என்று மருத்துவம் சொல்கிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. ஊரில் அதற்கு "ஆளு மனசு விட்டுட்டான்" என்று பெயர், சிகிச்சை கிடையாது. மனைவியோடு சேரலாமா என்ற கேள்வியை எந்த ஆம்பளையும் வெளியில் கேட்பதில்லை. டாக்டரும் தானாகச் சொல்வதில்லை. இரண்டு மாடிப் படி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிந்தால் பயப்பட வேண்டியதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இதை அச்சில் போடுவதற்கு ஆசிரியர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இத்தனையும் சொல்லித்தர, வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் போதும். நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 806 இதய நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களைத் துணை வைத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. துணை கிடைத்தவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுத்தார்கள், புகையையும் குடியையும் விடுவதிலும் முன்னே நின்றார்கள். யோகா-கேர் என்ற இன்னொரு ஆய்வில், நாடு முழுக்க 24 மருத்துவமனைகளின் 3,959 நோயாளிகள். மூன்று மாதங்களில் 13 வகுப்பு, எளிய ஆசனம், மூச்சுப் பயிற்சி, பேச்சு. மறுபடி மாரடைப்பு வருவது கணக்கில் சொல்லும்படி குறைந்துவிட்டது என்று அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்பினவர்கள் வகுப்புக்கு வந்தவர்களிடையே அதிகம். தறியில் உட்காருகிறவனுக்கும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறவளுக்கும் அதுதானே வேண்டும்.

ஆள் புதிதாகத் தேட வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பெண் எங்கள் தெருவுக்கும் வருகிறார். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட் வருகிறார். அந்தப் பெண்ணின் கையில் ஒரு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றைக் கொடுத்து, மாரடைப்பு வந்து டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டுக்கு முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தாளில் கம்பும் கேப்பையும் இருக்கட்டும், மாத்திரை தீரும் தேதி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

அது வரும் வரை வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில் யாராவது இப்படித் திரும்பி வந்திருந்தால், பார்க்கப் போகும்போது சேவு வேண்டாம், மச்சினன் கதையும் வேண்டாம். விடிகாலையில் போய், அவரை எழுப்பிக் கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு வாருங்கள். டவுனுக்குப் போகிற வேலை இருந்தால் அவருடைய மாத்திரைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.