நடுவில் பிறந்தவர்களின் கதை

விண்மீனை நோக்கிப் போகும் கப்பல் என்றதும் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாயேஜர் 1 நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடக்க 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். வேகத்தை நூறு மடங்கு கூட்டினாலும் ஏறியவர் இறங்கப்போவதில்லை. அவருடைய பேரனும் பேத்தியும் கப்பலில் பிறந்து கப்பலிலேயே மடிவார்கள். புறப்பட்ட பெருமையும் அவர்களுக்கில்லை, போய்ச் சேரும் மகிழ்ச்சியும் இல்லை.

இப்படி நடுவில் பிறந்தவர்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த தொடர் 'தி ஸ்டார்லாஸ்ட்'. 1973 செப்டம்பரில் கனடாவின் சிடிவியில் தொடங்கியது. அழியப்போகும் பூமியிலிருந்து மனித இனத்தின் மிச்சத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'ஆர்க்' என்ற 200 மைல் நீளக் கப்பல்தான் களம். ஒவ்வொரு கோளக்கூண்டுக்குள்ளும் ஒரு சமூகம். வழியில் நேர்ந்த விபத்தில் மாலுமிகள் இறக்க, கூண்டுகள் ஒன்றையொன்று மறக்கின்றன. சைப்ரஸ் கார்னர்ஸ் என்ற கூண்டில் வாழும் உழவர்களுக்குத் தாங்கள் கப்பலில் இருப்பதே தெரியாது. பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்ட டெவன் என்ற இளைஞன் தப்பி ஓடும்போது உண்மையைக் கண்டுபிடிக்கிறான். கப்பல் ஒரு சூரியன் மீது மோதப் போகிறது, ஓட்ட யாருமில்லை.

இவ்வளவு நல்ல கதை பதினாறே பகுதிகளில் முடிந்துபோனது. கதையை உருவாக்கிய ஹார்லன் எலிசன், ஒளிபரப்புக்கு முன்பே வெளியேறித் தன் பெயரை எடுத்துவிட்டு 'கார்ட்வெய்னர் பேர்ட்' என்ற புனைபெயரைப் போடச் சொன்னார். அவர் எழுதிய மூலத் திரைக்கதைக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. திரையில் வந்தது வேறு. சிற்றுருவ அரங்குகளையும் நடிகர்களையும் ஒரே காட்சியில் இணைக்கும் என்று நம்பியிருந்த கேமரா உத்தி சரிவரவில்லை. நீலத்திரைக்கு முன்னால் வீடியோவில் எடுத்துச் சமாளித்தார்கள். அறிவியல் ஆலோசகர் பென் போவாவும் விலகினார். அந்த அனுபவத்தை வைத்து 1975இல் ஒரு கேலி நாவலே எழுதினார். தொடங்கியவர் போய்விட, எதற்காகத் தொடங்கினார் என்று தெரியாதவர்கள் தொடர்ந்தார்கள். தொடருக்குள் நடந்ததே தொடருக்கும் நடந்தது.

ஹைதராபாத்திலிருந்து பார்க்கும்போது இந்தத் தோல்வி வேறு ஒரு கேள்வியை எழுப்புகிறது: இப்படி ஒரு கதை நம் திரையில் ஏன் வரவில்லை? இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சியே விண்வெளி வழியாகத்தான் வந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை இறக்கியது. தெலுங்கு நிகழ்ச்சிகள் ஹைதராபாத்தில் தயாராயின. நகரத்தின் தூர்தர்ஷன் நிலையம் 1977இல்தான் வந்தது. ஆனால் வானத்திலிருந்து வந்த பெட்டி, வானத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. தூர்தர்ஷனில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா' வந்தது. 1998இல் 'கேப்டன் வ்யோம்' வந்தது. இரண்டிலும் வில்லனைத் துரத்தும் வேலைதான் பெரிது. தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடரானது. அது பூமியில் நடக்கும் ஆட்சியைப் பற்றிய கதை.

வேடிக்கை என்னவென்றால், தலைமுறைக் கதையை நீட்டிச் சொல்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. தமிழ்த் தொடர் 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. ஹைதராபாத்தில் உருவான தெலுங்குத் தொடர்கள் 'சக்ரவாகம்', 'மொகலிரேகுலு' ஆண்டுக்கணக்கில் ஓடின. பாட்டி போட்ட முடிச்சைப் பேத்தி அவிழ்ப்பதைப் பார்க்கப் பொறுமையுள்ள மக்கள் இங்கே இருக்கிறார்கள். அரங்கு வேண்டுமென்றால் 1,666 ஏக்கரில் ராமோஜி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. வரைகலைக்கும் ஊரில் ஆள் பஞ்சமில்லை. 1973இல் 'தி ஸ்டார்லாஸ்ட்' எடுக்கப்பட்ட டொரன்டோவில் இல்லாத எல்லாம் இங்கே உண்டு.

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்பவர் ஹைதராபாத்தை அடுத்த பட்டாஞ்செருவுக்குப் போகலாம். 1972இல் அங்கே தொடங்கப்பட்ட இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை, சிறுதானியங்கள் என 1,20,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. நீண்டகாலச் சேமிப்பு மைனஸ் 20 டிகிரியில். குளிரில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வப்போது முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். முளைப்பு குறைந்தால் வயலில் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். அப்போது பக்கத்துப் பாத்தியின் மகரந்தம் கலந்துவிட்டால் அந்த ரகம் அந்த ரகமாக இருக்காது. அதனால் சோளக் கதிருக்குக் காகித உறை மாட்டுகிறார்கள். தேனீ நுழையாமல் துவரையை வலைக்கூண்டுக்குள் வளர்க்கிறார்கள். பிறகு காயவைத்து, எண் எழுதி, மறுபடி குளிருக்கு அனுப்புகிறார்கள். விதையைச் சேகரித்தவர் பலகாலம் முன்பே ஓய்வுபெற்றிருப்பார். அது எந்தப் பஞ்சத்தில் யாருக்கு உதவும் என்று உறை மாட்டுகிறவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஒருவரைக் கதாநாயகியாக வைத்து நம் மொழியில் ஒரு விண்கப்பல் கதை வர வேண்டும். அவளுக்குச் சம்பளத் தகராறு இருக்கட்டும், மாமியார் இருக்கட்டும், 'எந்த ஊருக்குப் போகிறோம்' என்று கேட்டு நச்சரிக்கும் மகன் இருக்கட்டும். விதையை மறுபடி விதைப்பதா, பசிக்குச் சமைப்பதா என்ற வாக்கெடுப்பு ஒரு வாரக் கதைக்குப் போதும். தொலைக்காட்சிக்காரர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிறுகதையோ குறுநாவலோ எழுதி அனுப்புங்கள். நீளத்தைக் காரணம் காட்டி இவ்விதழ் எதையும் திருப்பி அனுப்பாது.