வெள்ளந்தி என்று சொல்லாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கல்லூரியின் ஆண்டுவிழாவில் 'பழங்குடி நடனம்' என்று ஒரு நிகழ்ச்சி. மாணவிகள் முகத்தில் கரி பூசி, இடுப்பில் மாவிலை கட்டி, கூச்சலிட்டு ஆடினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். மறுநாள், சித்தேரி மலையிலிருந்து வந்து படிக்கும் மலையாளிப் பழங்குடி மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்க ஆயா காலத்துலகூட யாரும் இலை கட்டல மேடம். மேடையில ஆடுனது யாரு?"

பொம்மிடியில் என் வீட்டு மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். குறிஞ்சித் திணையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அவள் கேள்வி நஞ்சியம்மாவிடம் என்னைக் கொண்டு சேர்த்தது. அட்டப்பாடியின் இருளர் பெண். ஆடு மாடு மேய்த்தவர். பழனிசாமி நடத்தும் ஆசாத் கலா சங்கத்தோடு மேடையேறிப் பாடி ஆடியவர். 2020-இல் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இருளர் மொழியில் பாட்டெழுதினார், பாடினார், சிறு வேடத்தில் நடித்தார். அந்தப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 2022-இல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவிடமிருந்து பெற்றார். கொடுத்தவர் சந்தாலி, பெற்றவர் இருளர்.

ஆனால் நாம் அவரைப் பற்றி அதிகம் பேசியது எதை? படத்தின் கதாநாயகர்கள் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை என்பதை. அந்தக் காணொளியைப் பார்த்து 'என்ன வெள்ளந்தி!' என்று உருகினோம். நஞ்சியம்மாவுக்கு நடிகரைத் தெரியாதது செய்தி. நமக்கு நஞ்சியம்மாவைத் தெரியாமலிருந்தது செய்தியே இல்லை. வெள்ளந்தி என்பது பாராட்டு அல்ல. 'உனக்குத் திறமை இருக்கிறது, ஆனால் அது உனக்கே தெரியாது' என்று சொல்லும் நாகரிகமான வழி அது. விருது அறிவித்ததும், முறையாகச் சங்கீதம் பயின்றவர்களுக்கு இது அவமதிப்பு என்று கிளம்பிய குரலும் இதைத்தான் வேறு மாதிரிச் சொன்னது. ஒன்று கொஞ்சுகிறது, மற்றொன்று அதட்டுகிறது. இரண்டுமே அவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்ள மறுக்கின்றன.

அதே படத்தில் கண்ணம்மா என்றொரு பழங்குடிப் பெண் பாத்திரம் உண்டு. துணிச்சலானவள், நியாயம் பேசுகிறவள். அதில் நடித்தவர் பழங்குடிப் பெண் அல்ல. 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தின் இருளர் நாயகி வேடத்துக்கும் இதே கதைதான். அந்த நடிகைகளின் உழைப்பில் நான் குறை காணவில்லை. பாட்டுக்கு அவர்கள் வேண்டும், கதைக்கு அவர்கள் வேண்டும், முகத்துக்கு மட்டும் வேறு ஆள் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

தமிழ்த்துறைக்காரர்களாகிய நாங்கள் யோக்கியமா? மலைப்பெண் பாடியதை ஒலிப்பதிவு செய்து, 'வாய்மொழி, ஆசிரியர் பெயர் இல்லை' என்று எழுதி, நூலின் அட்டையில் தொகுத்தவர் பெயரைப் போடுகிறோம். பாடியவளுக்குப் பெயர் இருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

பேசத் தெரியாதவர்களா அவர்கள்? 1992 ஜூன் 20 அன்று எங்கள் மாவட்டத்து வாச்சாத்தியில் 18 பெண்கள் அரசுப் பணியாளர்களால் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் பின்வாங்காமல் சாட்சி சொன்னார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிமன்றம் கேட்ட குரலை நம் மேடைகள் இன்னும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் லியா பர்செல் என்ன செய்தார் பாருங்கள். ஹென்றி லாசன் 1892-இல் எழுதிய புகழ்பெற்ற கதை ஒன்று, புதர்க்காட்டில் பிள்ளைகளோடு தனித்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றியது. பர்செல் அதை எடுத்து நாடகமாக்கினார். அந்த நாயகியே பூர்வகுடித் தாய்க்குப் பிறந்தவள் என்று மாற்றி எழுதினார். 2016-இல் சிட்னி மேடையில் அந்த வேடத்தில் தானே நடித்தார். பிறகு படமாக இயக்கி, அதிலும் அவரே நடித்தார். எழுத்தும் உடலும் குரலும் ஒருத்தியுடையவை. அவரை யாரும் வெள்ளந்தி என்று சொல்ல முடியாது.

நஞ்சியம்மாவைக் கவிஞர் என்று பாடத்திட்டத்தில் வையுங்கள், பெயரோடு. பழங்குடிப் பாத்திரம் எழுதினால் அந்த ஊரில் போய் நடிகையைத் தேடுங்கள், முழுச் சம்பளம் கொடுங்கள். பாட்டு எடுத்தால் உரிமையை எழுதிக் கொடுங்கள். விருதுக்குப் பிறகும் கணவர் குடும்பத்து நிலத்துக்காக அவர் போராட வேண்டியிருக்கிறதே, அதையும் அவருடைய கலைவாழ்க்கையின் பகுதியாகப் பேசுங்கள்.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்வேன்: இலை கட்டி ஆடியது உங்கள் ஆட்கள் இல்லையம்மா. உங்களைப் பற்றி நாங்கள் கட்டிவைத்திருக்கும் பொய். அடுத்த விழாவில் என்ன ஆடுவது, யார் ஆடுவது என்பதை நீ எழுது. நான் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன்.